கெர்னல் ஏன் மக்கர் பண்ணுது? — பாக்கெட் ரேடியோவுக்கு ஒரு பழுதுபார்ப்புப் பாடம்



இந்த இதழின் கணிப்பொறிப் பகுதியில் கொஞ்சம் கனமான பாடம் ஒன்றைப் பார்க்கப் போகிறோம். ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். இடைவேளையில் பாதி, சாப்பாட்டு நேரத்தில் பாதி என்று படியுங்கள். பழுதுப் பட்டியலை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். என்றைக்காவது கைகொடுக்கும்.

(குறிப்பு: கமாண்டுகளையும் பிழைச் செய்திகளையும் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். கணிப்பொறியில் கமாண்டுகளை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும்.)

எதுக்கு இந்தப் பாடம்?

2016 டிசம்பர் 12. வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தது. மரமும் கம்பமும் சாய்ந்து மின்சாரம் போச்சு. செல்போனும் பல இடங்களில் செத்துப்போச்சு. மீஞ்சூரிலிருந்து பழவேற்காடு வரை கடலை நம்பிப் பிழைக்கிற குப்பங்களில் அந்த மாதிரி நாளில் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எத்தனை படகு கரை சேர்ந்துச்சு? எது பாக்கி?"

இந்தக் கணக்கை வாய் வார்த்தையாக மூணு பேர் தாண்டி அனுப்பிப் பாருங்கள். பதினாறு, பதினேழாக மாறிவிடும். ஒரு படகு கூடினாலோ குறைந்தாலோ ஒரு குடும்பத்துக்கு உயிர் போய் உயிர் வரும். எழுத்தாக, பிழை சரிபார்த்து அனுப்ப ஒரு வழி வேண்டும். டவர், இன்டர்நெட், மின்வாரிய லைன் மூன்றும் இல்லாமல் ஒரு பேட்டரியை மட்டும் வைத்து அது நடக்க வேண்டும். அந்த வழிகளில் ஒன்றுதான் பாக்கெட் ரேடியோ.

அமெச்சூர் ரேடியோ (ஹாம்) நம் நாட்டில் ஆபத்து நேரத்தில் உதவியதற்குப் பெரிய எடுத்துக்காட்டு 2004 சுனாமி. அப்போது பாரதி பிரசாத் என்ற ஹாம் தம் குழுவோடு அந்தமானில், போர்ட் பிளேரில் இருந்தார். ஹாம் நிகழ்ச்சிக்காகப் போனவர்கள், டிசம்பர் 26 காலையிலிருந்து அவசரச் செய்தி வேலையில் இறங்கிவிட்டார்கள். பாக்கெட் ரேடியோவில் பேச்சுக்குப் பதில் எழுத்து போகிறது. உழைப்பு அதேதான், கருவிதான் வேறு.

பாக்கெட் ரேடியோ என்றால் என்ன?

மளிகைக் கடையில் சாமானைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டித் தருவார்கள் அல்லவா? அதே போல நீளமான செய்தியைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி ரேடியோவில் அனுப்புவது பாக்கெட் ரேடியோ. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் யாருக்கு, யாரிடமிருந்து என்ற விலாசம் இருக்கும். கடைசியில் 16 பிட் அளவில் ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும். வாங்குகிறவர் கணக்குப் போட்டு அந்த எண் ஒத்து வராவிட்டால் பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுவிடுவார். இணைப்பு முறையில் பேசினால் அனுப்பியவர் அதை மறுபடி அனுப்புவார். ஆகவே பதினாறு பதினேழாகாது. ஒன்று சரியாக வரும், இல்லையென்றால் வரவே வராது.

இந்தப் பொட்டலம் கட்டும் விதிக்கு ஏ.எக்ஸ்.25 என்று பெயர். வி.எச்.எஃப். அலைவரிசையில் வழக்கமான வேகம் நொடிக்கு 1200 பிட். 1200 ஹெர்ட்ஸ், 2200 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு சுருதிகளை மாற்றி மாற்றி ஊதி 0, 1 இரண்டையும் காட்டுகிறார்கள். காதில் கேட்டால் "கிர்ர்ர்" என்று இருக்கும். கணிப்பொறிக்கும் ரேடியோவுக்கும் நடுவே இந்த மொழிபெயர்ப்பைச் செய்யும் பெட்டிக்கு டி.என்.சி. என்று பெயர். பெட்டி இல்லாவிட்டால் சவுண்டு கார்டையே டி.என்.சி. ஆக்கும் டைர்வுல்ஃப் என்ற இலவச மென்பொருளும் உண்டு.

நம் ஏரியில் பாடு முறை இருப்பது உங்களுக்குத் தெரியும். யார் எந்த நாளில் எந்தப் பாட்டில் வலை போடுவது என்று முறை வைத்துத்தான் இறங்குவார்கள். பாக்கெட் ரேடியோவில் அப்படி முறைப்பட்டியல் கிடையாது. "முதலில் கேள், காலியாக இருந்தால் பேசு" என்பதுதான் விதி. ஆனால் காத்திருந்த இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டு வலையும் சிக்கிக்கொண்ட மாதிரிதான். அதனால் அலை காலியானதும் ஒவ்வொரு நிலையமும் மனசுக்குள் தாயம் உருட்டும். வழக்கமான அமைப்பில் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. விழுந்தால் பேசும், விழாவிட்டால் நொடியில் பத்தில் ஒரு பங்கு பொறுத்து மறுபடி உருட்டும்.

பக்கத்து வீட்டு ராக்கெட்

ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று தடை போடுவார்கள், நாமும் கரையில் நின்று புகையைப் பார்ப்போம். அப்படிப் போன ராக்கெட்டுகளில் நம் பாடத்துக்குச் சொந்தமானவையும் உண்டு.

- 2005 மே 5: பி.எஸ்.எல்.வி. சி-6. ஹாம்களுக்காகவே செய்த 'ஹாம்சாட்' செயற்கைக்கோளைக் கொண்டுபோனது. 2014 வரை வேலை செய்தது.
- 2009 ஏப்ரல் 20: பி.எஸ்.எல்.வி. சி-12. நம் அண்ணா பல்கலைக்கழகத்தின் 'அனுசாட்'. ஓரிடத்தில் செய்தியை வாங்கி வைத்துக்கொண்டு இன்னோரிடத்துக்கு மேலே வரும்போது கொடுக்கும் சோதனை இதில் இருந்தது.
- 2019 ஏப்ரல் 1: பி.எஸ்.எல்.வி. சி-45. ராக்கெட்டின் நாலாம் கட்டத்தைத் தூக்கி எறியாமல் சுமார் 485 கி.மீ. உயரத்தில் சோதனை மேடையாக வைத்தார்கள். அதில் ஆம்சாட் இந்தியாவின் ஏ.பி.ஆர்.எஸ். கருவி இருந்தது. அது ஏ.எக்ஸ்.25 பொட்டலங்களைக் கேட்டுத் திருப்பி ஒலிபரப்பும் கருவி.

நம் தலைக்கு மேலே கிளம்பிப் போன பொட்டலத்தைத்தான் நாம் இப்போது கீழே கணிப்பொறிக்குள் படிக்கிறோம்.

கெர்னலுக்கு இதில் என்ன வேலை?

ஆபரேட்டிங் சிஸ்டத்தின் நடுக் கரு கெர்னல். கீபோர்டு, டிஸ்க், நெட்வொர்க் எல்லாம் அதன் வழியாகத்தான் புரோகிராம்களுக்குக் கிடைக்கும். லினக்ஸ் கெர்னலை லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கினார். அதற்குள் ஏ.எக்ஸ்.25-ஐ முதலில் எழுதிச் சேர்த்தவர் ஆலன் காக்ஸ். பிறகு ஜோனதன் நெய்லர் அதை வளர்த்தார். இரண்டு பேருமே ஹாம்கள். கெர்னலுக்குள்ளேயே இருப்பதால் ரேடியோவும் ஒரு நெட்வொர்க் கார்டு மாதிரி ஆகிவிடுகிறது.

ஆனால் எல்லா லினக்ஸ் தொகுப்பிலும் இதை இயக்கி வைத்திருக்க மாட்டார்கள். எல்லா கெர்னல் பதிப்பிலும் இது இருக்கும் என்றும் நம்பிவிடக் கூடாது. இல்லாத போது மூலக் குறியீட்டை எடுத்து நாமே கெர்னல் கட்ட வேண்டியிருக்கும். அங்கேதான் மக்கர் ஆரம்பம்.

கட்டும் முறை, சுருக்கமாக

1. இப்போது ஓடும் கெர்னலின் அமைப்புக் கோப்பை 'பூட்' அடைவிலிருந்து எடுத்து, மூலக் குறியீட்டு அடைவில் 'டாட் கான்ஃபிக்' என்ற பெயரில் வை.
2. 'மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்', பிறகு 'மேக் மெனுகான்ஃபிக்'.
3. மெனுவில் நெட்வொர்க்கிங் சப்போர்ட், அதற்குள் அமெச்சூர் ரேடியோ சப்போர்ட். அதை 'ஒய்' ஆக்கு. உள்ளே ஏ.எக்ஸ்.25-ஐ 'எம்' ஆக்கு. டிரைவர் பகுதியில் சீரியல் போர்ட் கிஸ் டிரைவரையும் 'எம்' ஆக்கு. ('ஒய்' என்றால் கெர்னலோடு ஒட்டியே இருக்கும். 'எம்' என்றால் தனி மாட்யூல், வேண்டும்போது ஏற்றலாம். 'என்' என்றால் கிடையாது.)
4. லோக்கல் வெர்ஷன் இடத்தில் '-ஹாம்' என்று ஒரு வால் பெயர் கொடு.
5. 'மேக்', 'மேக் மாட்யூல்ஸ்_இன்ஸ்டால்', 'மேக் இன்ஸ்டால்', ரீபூட்.

தங்க விதி: பழைய கெர்னலை அழிக்காதே! கிரப் மெனுவில் அது இருக்கும் வரை என்ன கெட்டாலும் திரும்பி வர வழி உண்டு. கடலுக்குப் போகிறவர் துடுப்பு ஒன்று கூடுதலாகப் போட்டுக்கொள்வது மாதிரி.

பழுதும் பரிகாரமும்

முதல் பாடம் இது: எந்த இடத்தில் நிற்கிறோம் என்று தெரியாமல் எதையும் மாற்றாதே. கட்டும் போதா, பூட் ஆகும் போதா, மாட்யூல் ஏற்றும் போதா, போர்ட் இணைக்கும் போதா, அலையில் போகும் போதா? ஐந்து படி. கீழிருந்து ஒவ்வொன்றாக ஏறு.

*1. மெனுவில் ஏ.எக்ஸ்.25 கண்ணிலேயே படவில்லை.*
மேலே உள்ள 'அமெச்சூர் ரேடியோ சப்போர்ட்' அணைந்திருந்தால் அதன் பிள்ளைகள் மறைந்தே இருக்கும். அதை முதலில் 'ஒய்' ஆக்கு. அந்த வரியே இல்லை என்றால் அந்தப் பதிப்பில் ஏ.எக்ஸ்.25 இல்லை என்று அர்த்தம். வீணாகத் தேடாமல் பழுது 8-க்குக் கீழே உள்ள மாற்று வழிக்குப் போ.

*2. 'மேக்' பாதியில் நின்றுபோச்சு.*
எல்லாரும் கடைசி வரியைத்தான் பார்ப்பார்கள். அது "நின்றுவிட்டேன்" என்று மட்டும்தான் சொல்லும். காரணம் மேலே, முதன்முதலில் 'எர்ரர்' என்று வந்த வரியில் இருக்கும். வேகத்துக்காக '-ஜே' போட்டு நாலைந்து வேலையை ஒரே நேரத்தில் ஓட்டினால் செய்திகள் கலந்து குழம்பும். நின்ற பிறகு '-ஜே' இல்லாமல் வெறும் 'மேக்' ஒரு தடவை கொடு. சரியான இடத்தில் நிற்கும்.
அடிக்கடி வரும் காரணங்கள் மூன்று. (அ) ஃப்ளெக்ஸ், பைசன், பி.சி., ஓப்பன் எஸ்.எஸ்.எல்., எல்ஃப் நூலகங்கள் ஏற்றவில்லை. (ஆ) டிஸ்க் நிறைந்துவிட்டது. "நோ ஸ்பேஸ் லெஃப்ட்" என்று வரும். டீபக் தகவலை அணைத்தால் இடம் நிறைய மிச்சமாகும். (இ) டெபியன், உபுண்டு அமைப்புக் கோப்பைக் காப்பியடித்தால் அவர்களுடைய சான்றிதழ் கோப்பைத் தேடி, அது கிடைக்காமல் நிற்கும். 'சிஸ்டம் டிரஸ்டட் கீஸ்' என்ற வரியைக் காலியாக்கு.

*3. கட்டியாச்சு, ஆனா பூட் ஆகவில்லை.*
"கெர்னல் பேனிக்... அனேபிள் டு மவுன்ட் ரூட்" என்று வந்தால் பயப்படாதே. கெர்னலுக்கு டிஸ்க்கைத் திறக்கத் தெரியவில்லை, அவ்ளோதான். டிஸ்க் டிரைவரோ ஃபைல் சிஸ்டமோ மாட்யூலாக இருந்து, இனிட்ராம்எஃப்எஸ் உருவாகவில்லை என்றால் இப்படி ஆகும். பழைய கெர்னலில் நுழைந்து இனிட்ராம்எஃப்எஸ் உருவாக்கு. இந்தப் பழுதுக்கும் ரேடியோவுக்கும் சம்பந்தமே இல்லை என்பதைக் கவனி.

*4. பூட் ஆச்சு, ஆனா எதுவுமே மாறலையே?*
'யூநேம் -ஆர்' தட்டிப் பார். கடைசியில் '-ஹாம்' என்ற வால் இல்லையென்றால் ஓடுவது பழைய கெர்னல். பாதிப் பேர் இங்கேதான் ஒரு நாளைத் தொலைக்கிறார்கள். வால் பெயர் வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

*5. மாட்யூல் ஏறமாட்டேங்குது.*
'மாட்புரோப் ஏஎக்ஸ்25' கொடுத்தால் மூன்று விதமாக முரண்டு பிடிக்கும்.
"நாட் ஃபவுண்ட்" என்றால் 'மாட்யூல்ஸ்_இன்ஸ்டால்' விட்டுப்போயிருக்கும். "இன்வேலிட் மாட்யூல் ஃபார்மட்" என்றால் ஒரு கெர்னலுக்குக் கட்டிய மாட்யூலை வேறு கெர்னலில் ஏற்றுகிறாய். அளவு வேறான சட்டை. இரண்டையும் ஒரே கட்டலில் இருந்து எடு. "கீ" என்ற சொல்லோடு மறுப்பு வந்தால் செக்யூர் பூட் தடுக்கிறது. மாட்யூலுக்குக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் பயாஸில் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டும். எதுவானாலும் 'டிமெஸ்ஜ்' கடைசி வரிகளைப் படி. கெர்னல் அங்கே காரணத்தைச் சொல்லியிருக்கும்.

*6. 'கிஸ்அட்டாச்' தோற்றுப்போகிறது.*
இந்தக் கமாண்டு சீரியல் போர்ட்டை ஏ.எக்ஸ்.25 நெட்வொர்க்காக மாற்றுகிறது. "அட்ரஸ் ஃபேமிலி நாட் சப்போர்ட்டட்" என்று வந்தால் ஏ.எக்ஸ்.25 மாட்யூல் ஏறவில்லை. "டயாக்செட்டி... இன்வேலிட் ஆர்க்யுமென்ட்" என்று வந்தால் எம்கிஸ் மாட்யூல் இல்லை. மெனுவில் ஏ.எக்ஸ்.25-ஐ டிக் பண்ணிவிட்டு டிரைவரை மறந்ததன் விளைவு. போர்ட்டே காணோம் என்றால் யு.எஸ்.பி.–சீரியல் வயரின் சில்லுக்கு உரிய டிரைவரைப் பார். எஃப்.டி.டி.ஐ., பி.எல்.2303, சி.எச்.341 ஆகியவை புழக்கத்தில் உள்ளவை. கெர்னலைச் சின்னதாக்குகிறேன் என்று இவற்றை வெட்டிவிடுவது வழக்கமான கூத்து.
'ஏஎக்ஸ்போர்ட்ஸ்' கோப்பையும் பார். போர்ட் பெயர், அழைப்புக்குறி, வேகம், பொட்டல நீளம், விண்டோ, விளக்கம் என்ற வரிசையில் இருக்க வேண்டும். காலி வரி விடாதே. ஒரே அழைப்புக்குறியை இரண்டு போர்ட்டுக்குக் கொடுக்காதே.

*7. முதல் சில பொட்டலம் சரி, அப்புறம் குழப்பம்.*
டைர்வுல்ஃப் திரையில் "சேனல் 8" தவறு என்று வருகிறதா? நமக்கு எட்டு சேனல் ஏது? காரணம் வேடிக்கையானது. எம்கிஸ் டிரைவர், எதிரில் இருப்பவருக்குக் கூடுதல் சரிபார்ப்பு முறை தெரியுமா என்று சோதிக்க ஒரு பைட்டின் மேல் பிட்டை ஏற்றி அனுப்புகிறது. அது தெரியாதவர் கண்ணுக்கு அது 8-ஆம் சேனலாகப் படுகிறது. 'கிஸ்பார்ம்ஸ்' கமாண்டில் '-சி 1' கொடுத்துச் சோதனையை நிறுத்தினால் சரியாகிவிடும்.

*8. எல்லாம் சரி, ஆனா யாரும் பதில் சொல்லலை.*
'ஏஎக்ஸ்லிசன்' திரையில் நம் பொட்டலம் வெளியே போவது தெரிந்தால் கெர்னல் தன் வேலையை முடித்துவிட்டது. இனி கெர்னலைத் திட்டாதே! ரேடியோ பக்கம் பார். பொத்தான் அழுத்தியதும் ரேடியோ முழு சக்திக்கு வரக் கொஞ்ச நேரம் ஆகும். அந்தத் தாமதத்தை 300 மில்லி நொடி என்று வைத்துத் தொடங்கு. ஒலி அளவு அதிகமானால் சுருதி சிதையும். குறைத்துப் பார்.

மாற்று வழி: கெர்னலில் ஏ.எக்ஸ்.25 இல்லவே இல்லை என்றாலும் கதை முடிந்துவிடாது. டைர்வுல்ஃப் பொட்டலம் கட்டும் வேலையைத் தானே செய்யும். அதோடு நேராகப் பேசத் தெரிந்த புரோகிராம்களுக்குக் கெர்னல் உதவி தேவையில்லை. அவசர நாளில் எது ஓடுகிறதோ அதுதான் நல்லது.

ரேடியோ இல்லாமலே சோதனை

இரண்டு கணிப்பொறி, ஒரு குறுக்கு சீரியல் வயர் (நல் மோடம்) போதும். இரண்டிலும் கிஸ்அட்டாச் செய்து, டெஸ்ட்-1, டெஸ்ட்-2 என்று பெயர் கொடு. ஒன்றில் 'பீக்கன்' கமாண்டால் ஒரு வரி அனுப்பு. மற்றதில் ஏஎக்ஸ்லிசன் திரையில் அது தெரிந்தால் ஐந்து படியில் நாலு படி தாண்டியாச்சு. அலை எதுவும் வெளியே போகாததால் உரிமச் சிக்கலும் இல்லை. வகுப்பறையிலேயே செய்யலாம்.

ஒரு தமிழ்க் கணக்கு

தமிழில் அனுப்பலாமா? தாராளமாக. ஆனால் யூனிகோடு யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். 'படகு' என்பது ப, ட, க, உகரக் குறி என நாலு குறி, அதாவது 12 பைட். இதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் 6 பைட்.

வழக்கமான பொட்டலத்தில் அதிகபட்சம் 256 பைட் செய்தி. 256-ஐ 3-ஆல் வகுத்தால் சுமார் 85 குறி. ஆக ஒரு பொட்டலத்துக்கு ஒன்றிரண்டு சின்ன வாக்கியம்தான்.

நேரம் எவ்வளவு? 80 குறி × 3 = 240 பைட். விலாசம் முதலியவற்றுக்கு 20 சேர்த்தால் 260 பைட், அதாவது 2080 பிட். 1200-ஆல் வகுத்தால் 1.73 நொடி. தொடக்கத் தாமதம் 0.3 சேர்த்தால் சுமார் 2 நொடி. ஒரு குப்பத்தின் படகுக் கணக்கு இரண்டு நொடியில் போய்விடும். மோசமில்லையே!

எவ்வளவு தூரம் போகும்? உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் அலைத் தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். 9 மீட்டர் கம்பத்துக்கு 3 × 4.12 = 12.4 கி.மீ. எதிர்க் கம்பமும் அதே உயரம் என்றால் சுமார் 24.7 கி.மீ. இது குறுக்கே எதுவும் இல்லாத போதுதான். நம் ஏரி மலை மேடு இல்லாத தண்ணீர் வெளி. அந்த வகையில் நாம் கொடுத்து வைத்தவர்கள்.

சட்டத்தை மறக்காதே

உரிமம் இல்லாமல் ஒலிபரப்பக் கூடாது. நம் நாட்டில் மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை சார்ந்த டபிள்யூ.பி.சி. பிரிவு ஹாம் தேர்வும் உரிமமும் தருகிறது. பள்ளி மாணவர்களும் தேர்வு எழுதலாம். ஹாம் அலையில் மீன் விலை பேசுவது, வியாபாரம் பேசுவது கூடாது. படகுகளில் இருக்கும் கடல் வி.எச்.எஃப். கருவி வேறு, அதன் அலைவரிசை வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது. புயலுக்கு முன்பே எல்லாம் தயாராக இருக்க வேண்டும். காற்று அடிக்கும் போது கெர்னல் கட்ட உட்காருவது, படகு ஓட்டை போட்ட பிறகு தார் தேடுவது மாதிரி.

நினைவில் வை

- பழைய கெர்னலைக் காப்பாற்று.
- முதல் பிழை வரியைப் படி, கடைசி வரியை நம்பாதே.
- 'யூநேம் -ஆர்' பார்த்துவிட்டுப் பேசு.
- ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றியதை நோட்டில் தேதி போட்டு எழுது.
- எந்தப் படியில் நிற்கிறாய் என்று முதலில் கண்டுபிடி.

யோசித்து விடை எழுதுங்கள்

1. ஏ.எக்ஸ்.25 மாட்யூல் ஏறிவிட்டது, ஆனால் கிஸ்அட்டாச் "இன்வேலிட் ஆர்க்யுமென்ட்" என்கிறது. எதை மறந்தோம்?
2. "குப்பம் 14 படகு வந்தது 2 பாக்கி" — இதில் தமிழ்க் குறி எத்தனை? எண்ணும் இடைவெளியும் குறிக்கு 1 பைட் என்று கொண்டு மொத்த பைட் கணக்கிடு.
3. ஏரியின் பாடு முறை போல ரேடியோவிலும் முறைப்பட்டியல் வைத்தால் என்ன லாபம், என்ன நஷ்டம்?
4. கம்பத்தின் உயரத்தை 9 மீட்டரிலிருந்து 16 மீட்டராக்கினால் அலைத் தொடுவானம் எவ்வளவு கூடும்?

விடைகளைத் தனித்தாளில் எழுதி, பெயர், வகுப்பு குறிப்பிட்டு, சுவரிதழுக்குக் கீழே உள்ள பெட்டியில் வெள்ளிக்கிழமைக்குள் போடவும். மூன்றாவது கேள்விக்கு வீட்டில் பெரியவர்களைக் கேட்டு எழுதினால் இன்னும் நல்லது. ஏரியில் முறை வைப்பது பற்றி நம்மைவிட அவர்களுக்குத்தான் நிறையத் தெரியும்.